உறையின் பின்புறம் இருந்த பெயர்

பலெர்மோ
11 பெப்ரவரி 1996

தம்பி ஏர்னஸ்ற்,

உன் நத்தார் வாழ்த்து மடல் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. உறையின் பின்புறத்தில், அனுப்புகிறவர் பெயர் எழுதும் இடத்தில், "ஈ. ஸ்வின்ரன்" என்றிருந்தது. நீ வீடு மாறிவிட்டாய், வீட்டுக்காரருடைய பெயராக்கும் என்று முதலில் நினைத்தேன். உள்ளே பார்த்தால் கையெழுத்தும் அதுதான். குளிரைப் பற்றி நாலு வரி. அதற்குக் கீழே, "செப்டெம்பரில் இருந்து ஹெலனுடைய குடும்பப் பெயரையே நானும் சட்டப்படி எடுத்திருக்கிறேன்" என்று ஒரே ஒரு வரி.

பீலிக்ஸ் அத்தானிடம் காட்டினேன். "அவன்ரை பெயர், அவன்ரை இஷ்டம். விடும்" என்றார். எனக்கு விட முடியவில்லை. போன் எடுத்தால் ஹெலன்தான் எடுப்பாள், அவளோடு கதைக்க இப்போது எனக்கு மனம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற வீட்டைப் பற்றி உனக்கு அவ்வளவாகச் சொன்னதில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் காலை ஏழு மணி ரயில் பிடித்து பகேரியாவுக்குப் போகிறேன். சினோரா வினிஃப்ரட் உன் ஊர்க்காரி, இங்கிலாந்து. பலெர்மோ டாக்டர் ஒருவரைக் கட்டி வந்து நாற்பத்தைந்து வருடம். டாக்டர் போய்விட்டார். இவருக்கு எண்பத்திரண்டு வயது, கண் மங்கல். இங்கிலாந்துக் கிராமங்களுக்கு எப்படிப் பெயர் வந்தது, அந்தக் கிராமப் பெயர்கள் எப்படி ஆட்களுக்குக் குடும்பப் பெயர்களாயின என்று வாழ்நாள் முழுக்கத் தேடி, அட்டை அட்டையாக எழுதி இழுப்பறைகளில் வைத்திருக்கிறார். இப்போது நான் அட்டையை எடுத்து எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும், அவர் திருத்தம் சொல்வார், நான் எழுத வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்ற என் இங்கிலிஷ் அதற்குக் காணும்.

இன்று சமையலை முடித்துவிட்டு எஸ் இழுப்பறையைத் திறந்து உன் பெயரைத் தேடினேன். இருந்தது. "ஸ்வின்" என்றால் பழைய இங்கிலிஷில் பன்றி. "ரன்" என்றால் வேலி அடைத்த இடம், பண்ணை. பன்றிப்பட்டி. அப்படி ஒரு கிராமம், அந்தக் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயர்.

சினோரா சிரித்தார். "என் அப்பாவின் பெயர் ஷிப்ரன். செம்மறிப்பட்டி. உன் தம்பியும் நானும் பக்கத்து வேலி" என்றார். அவருக்கு அது பகிடி.

எனக்கு இல்லை. பேசாலைக் கரையில் வலை இழுத்த கையால் அப்பா உன் பல்கலைக்கழகப் படிவத்தில் தன் பெயரை எழுதினார். வஸ்தியாம்பிள்ளை. எழுதி முடித்து, மை காயும்வரை கடதாசியைக் கையில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். என் பெர்மெஸ்ஸோ அனுமதிப் பத்திரத்தில் அந்தப் பெயர் பதினைந்து எழுத்து, பெட்டிக்குள் அடங்காமல் விளிம்பில் ஏறி நிற்கிறது. குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

அப்பாவுக்கு நீ என்ன சொல்லப்போகிறாய்? அவர் இருக்கிற மடு அகதி முகாமுக்குப் போகிற சுவாமிமார் ஒரு குடும்பத்துக்கு ஒரு உறைதான் எடுக்கிறார்கள். வழக்கம்போல உன் கடிதத்தை எனக்கு அனுப்பு, என்னுடையதோடு சேர்த்துக் கொழும்பில் சிஸ்டர் செல்வமலருக்கு அனுப்புகிறேன். அதில் என்ன பெயரில் கையெழுத்து வைக்கிறாய் என்று பார்க்கிறேன்.

அக்கா
எமிலியானா


லிங்கன்ஷயர்
3 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

பன்றிப்பட்டி என்று இரண்டு தரம் கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு தரம் போதும், விளங்கியது.

நான் ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இஞ்சை வந்ததிலிருந்து கரட் கழுவிப் பொதி செய்கிற கொட்டகையில் வேலை. அதோடு முப்பத்தொரு பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டேன். கணிதம் படிப்பிக்க அல்ல, அந்த ஆசை எப்பவோ போய்விட்டது. ஆய்வுகூடத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு. முப்பத்தொன்றில் இருபத்தேழுக்குப் பதிலே இல்லை.

ஒரு நாள் ஹெலன், எனக்குச் சொல்லாமல், என்னை ஏற்கனவே வேண்டாம் என்ற இரண்டு பாடசாலைகளுக்கு அதே விண்ணப்பத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அதே பட்டம், அதே அனுபவம். பெயர் மட்டும் ஈ. ஸ்வின்ரன். எட்டு நாளில் இரண்டு இடத்திலிருந்தும் வரச் சொன்னார்கள். போனேன். கதவைத் திறந்த பெண் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள், ஸ்வின்ரன் எங்கே என்று. "நான்தான்" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து போன பிறகு அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கவில்லை. வேலை கிடைத்தது. பிறகு பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டேன், பொய் சொல்லி வேலை எடுத்தவனாக இருக்கக்கூடாது என்று. இப்போது சோதனைக் குழாய் கழுவுகிறேன். கை விறைக்காத அறை.

உங்களுக்கு இது விளங்காது. எமிலியானா என்றால் இத்தாலியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர். ஒருவரும் உங்களை எழுத்துக்கூட்டச் சொல்வதில்லை. லிங்கன்ஷயரில் வஸ்தியாம்பிள்ளையாக ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுங்கள். அந்த வஸ்தியாமும் எங்களுடையது இல்லை. அவர் ரோமாபுரிப் படைவீரராக இருந்த ஒரு புனிதர், போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து எங்கள் முப்பாட்டனின் தலையில் ஊற்றிய பெயர். அதற்கு முந்தி எங்கள் ஆட்களுக்கு என்ன பெயர் என்று உங்கள் சினோராவின் இழுப்பறையில் இருந்தால் தேடிச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். வாசியுங்கள், தடையில்லை. ஆனால் அனுப்புங்கள். இதை அவர் வேறு ஒருவர் வாயால் அறியக்கூடாது.

தம்பி
ஏர்னஸ்ற்


பலெர்மோ
19 மே 1996

தம்பி,

உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே உறை போய்விட்டது. சிஸ்டர் கிடைத்ததென்று எழுதியிருக்கிறார்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

இஞ்சை தமிழ்ப் பூசைக்கு வருகிற எமிலியானாக்கள் மூன்று பேர். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி நெடுந்தீவு, மற்றது நான். அதனால் எல்லாரும் என்னை "பேசாலை எமிலியானா" என்கிறார்கள். இதைச் சினோராவுக்குச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்படித்தான் அங்கும் நடந்தது. ஊருக்குள் இருக்கிறவனை யாரும் ஊர்ப்பெயரால் கூப்பிடுவதில்லை, எல்லாரும் அந்த ஊர்தானே. அவன் ஊரை விட்டு வேறிடம் போய்க் குடியேறினால், அங்கே இருக்கிறவர்கள் 'அந்த ஊரான்' என்று சொல்வார்கள். அது பிள்ளைக்கு ஒட்டும், பேரப்பிள்ளைக்கு ஒட்டும். ஊர்ப்பெயர் உள்ளவன் ஊரை விட்டவன்." சில ஊர்கள் கொள்ளை நோயில் அழிந்தே போய்விட்டனவாம். இப்போது ஆட்களின் பெயரில் மட்டும் மிச்சமாம். பேசாலை என்றால் என்ன பொருள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே உன் மனைவியின் ஆட்களுக்கும் எவனோ ஒருவன் பன்றிப்பட்டியை விட்டு வெளியேறித்தான் அந்தப் பெயர் கிடைத்தது. அவன் நடந்து தேடிய பெயர். நீ என்ன செய்தாய்? வேறு ஒருவன் வெளியேறிய ஊரின் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீ வெளியேறிய ஊரை மறைத்துவிட்டாய். வேலைக்காக என்கிறாய். நான் இந்த ஊரில் ஒன்பது வருடமாகப் பிறர் வீட்டுக் கழிப்பறை கழுவுகிறேன், வஸ்தியாம்பிள்ளையின் மகளாகவே கழுவுகிறேன்.

உன் மகள் அமலினிக்கு ஆறு வயதாகிறதே. அவளுக்குத் தன் தாத்தாவின் பெயரைச் சொல்ல வருமா?

அக்கா


லிங்கன்ஷயர்
24 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

அமலினிக்கு வரும். "வஸ்தியாம்பிள்ளை" என்று நித்திரைக்குப் போகும்போது பாட்டு மாதிரிச் சொல்கிறாள். உங்களுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறேன்.

சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு செய்தி. அப்பாவை இஞ்சை கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வழக்கறிஞர் சரிவரும் என்கிறார். எழுபத்தொரு வயது, மனைவி இல்லை, முகாமில் தனிய, பார்க்க ஒருவரும் இல்லை. என் பிறப்புச் சான்றிதழ், பெயர் மாற்றிய பத்திரத்தின் நகல், எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் நேரே சிஸ்டர் செல்வமலருக்கு அனுப்பிவிட்டேன். பெப்ரவரியில் கொழும்பில் நேர்காணல் இருக்கும். படி ஏற வேண்டாம் என்று கீழே ஒரு அறை ஒழுங்கு செய்திருக்கிறோம். ஹெலன் சுவருக்கு நிறம் அடித்தாள்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. என் கடிதத்துக்கு அப்பா ஒரு வரியும் எழுதவில்லை. அவர் பதில் எழுதினால் தொடர்ந்து எழுதலாம் என்று நானும் எழுதாமல் இருந்துவிட்டேன். எட்டு மாதம். கோபம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஏதும் எழுதினாரா? திட்டியிருந்தாலும் சொல்லுங்கள்.

ஓகஸ்டில் யோர்க்ஷயர் பக்கம் போனபோது ஸ்வின்ரன் என்ற ஒரு கிராமத்துக்கும் போனோம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பார்க்கவேண்டும் போல இருந்தது. ஒரு தெரு, கொஞ்ச வீடு. கல்லறைகளில் வாசிக்கக்கூடியவற்றை எல்லாம் வாசித்தேன். ஒரு ஸ்வின்ரனும் இல்லை. உங்கள் சினோரா சொன்னது சரி. ஹெலன் சொன்னாள், "அப்போ எங்கடை ஆக்களும் ஓடிவந்த ஆக்கள்தான்" என்று. அவள் இங்கிலிஷில் சொன்னதை நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன். நல்லவள் அக்கா. ஒரு தரம் கதைத்துப் பாருங்கள்.

தம்பி
ஏர்னஸ்ற்


பலெர்மோ
8 ஜனவரி 1997

தம்பி,

அப்பா எனக்கும் உன் விஷயமாக ஒன்றும் எழுதவில்லை. "ஏர்னஸ்ற் எப்படி" என்று கேட்டிருந்தார், நலம் என்று எழுதினேன்.

அவரைக் கூப்பிடுவது நல்லது. அவர் குளிர் தாங்குவாரா என்று யோசித்துக்கொள். நேர்காணலுக்கு முந்திச் சிஸ்டருக்கு நானும் ஒரு கடிதம் போடுகிறேன், விபரமாக.

சினோராவுக்கு நெஞ்சில் சளி. அட்டை வேலை நின்றிருக்கிறது. இரண்டு நாளாக அங்கேயே தங்குகிறேன். கூட எழுத நேரமில்லை.

அக்கா


லிங்கன்ஷயர்
6 ஏப்ரல் 1997

அக்கா,

மூன்று தரம் போன் எடுத்தேன். முதல் தரம் நீங்கள் குளிக்கிறீர்கள், இரண்டாம் தரம் கோயிலுக்குப் போய்விட்டீர்கள், மூன்றாம் தரம் அத்தானுக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. நடந்ததைச் சிஸ்டர் எழுதியிருக்கிறார், அப்படியே சொல்கிறேன்.

அப்பா தனியே உள்ளே போயிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தாராம். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து சிஸ்டரிடம் சொன்னாராம்: "ஸ்வின்ரன் உம்மடை மகனோ எண்டு கேட்டாங்கள். அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது எண்டன். ஏர்னஸ்ற்தான் பெயரை மாத்தினவர் எண்டு ஒரு கடதாசி காட்டினாங்கள். நான் சொன்னன், என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யமாட்டான், ஆரோ அவன்ரை கடதாசியளை வைச்சிருக்கிறாங்கள் எண்டு." படத்தையும் காட்டியிருக்கிறார்கள். நகல் எடுத்த படம், முகம் கறுத்துப்போய், தாடி இல்லாமல், கண்ணாடியோடு. பார்த்துவிட்டு இல்லை என்றிருக்கிறார்.

சிஸ்டர் அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார், உங்கள் மகன்தான், உண்மையாகவே பெயர் மாற்றிவிட்டார் என்று. அதற்கு அப்பா சொன்னது இது. "மாத்தியிருந்தால் எனக்கு எழுதியிருப்பான்."

சிஸ்டர் ஒரு கடையில் இருந்து எனக்குப் போன் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். முகாமுக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்ததிலிருந்து அவருக்குக் காது மந்தம், எனக்குத் தெரியாது. நான் கத்தினேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. "நீர் ஆர்?" என்றார். இன்னொரு தரம், "நீர் ஆர் தம்பி?" என்றார். பிறகு போனைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டார். கொழும்பில் நிற்க ஆமி கொடுத்த பாஸ் முடிகிற நாள் அது. பின்னேரம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

"எனக்கு எழுதியிருப்பான்."

நான் எழுதினேன். உங்களிடம் தந்தேன். உறை போய்விட்டது என்று எழுதினீர்கள். உறைக்குள் என் தாள் இருந்ததா?

ஏர்னஸ்ற்


பலெர்மோ
27 ஏப்ரல் 1997

தம்பி,

இருக்கவில்லை.

உன் தாளைச் சினோராவின் சமையலறையில் நின்றுகொண்டு மூன்று தரம் வாசித்தேன். "நீங்கள் தந்த பெயரைக் கழற்றி வைத்திருக்கிறேன் அப்பா, எறியவில்லை. வேலைக்குப் போகும்போது சப்பாத்துப் போடுகிற மாதிரித்தான் மற்றது" என்று எழுதியிருந்தாய். அழுதேன். அழுதுவிட்டு, அதை மடித்துச் சினோராவின் வி இழுப்பறையில், வஸ்தியாம்பிள்ளை வந்தால் எங்கே வருமோ அந்த இடத்தில், அட்டைகளுக்கு நடுவே செருகினேன். என் கடிதத்தை மட்டும் உறையில் வைத்து ஒட்டினேன்.

அப்பாவின் மனம் நோகும் என்று மறைத்தேன் என எழுதத்தான் முதலில் இருந்தேன். இரண்டு தாள் அப்படி எழுதிக் கிழித்துப் போட்டேன். அது பொய். அவர் மனம் நோகாது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பக்கத்தை வாசித்தால் அவர் உன்னை மன்னித்துவிடுவார். மன்னித்து, முகாமில் எல்லாருக்கும் வாசித்தும் காட்டுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா செத்தபோது எனக்குப் பதினாறு. பத்தாம் வகுப்புச் சோதனைக்கு நாற்பது நாள் இருந்தது. "நீ நில், தம்பியைப் பார்" என்று அப்பா சொன்னார். நின்றேன். நீ கொலேஜுக்குப் போனாய், பல்கலைக்கழகம் போனாய். நான் இத்தாலிக்கு வேலைக்காரியாக வந்தேன். அதற்கு அவர் என்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். மகனுக்குரியதை மகள் காப்பாற்றினாள் என்று ஒரு நாள் சொல்வார் என்று நினைத்தேன் போல.

ஜனவரியில் சிஸ்டருக்கு எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. எழுதினால் முந்தி மறைத்ததும் வெளியே வரும். நேர்காணலில் உன் பெயரைக் கேட்டு அவர் கொஞ்சம் திகைப்பார், கடதாசியைக் காட்டினால் விளங்கிக்கொள்வார், உன்மேல் ஆத்திரப்படுவார், அவ்வளவுதான் நடக்கும் என்று எண்ணினேன். அவர் உன்னை இவ்வளவு நம்புவார் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று உன் தாளை எடுத்து, என் குற்றத்தையும் முழுதாக எழுதி, நாளைக்குக் கொழும்புக்குப் போகிற, வியா மக்வேதா தெருக் கடைக்காரர் இராஜநாயகம் அண்ணையின் கையில் கொடுத்துவிட்டேன். சிஸ்டரிடம் நேரே கொடுப்பார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன், காதுக்குள் சத்தமாக.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே.

அக்கா


பலெர்மோ
17 ஓகஸ்ட் 1997

தம்பி,

இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முந்திய இரண்டும் கிடைத்திருக்கும், திரும்பி வரவில்லை.

உறை மடுவுக்குப் போகவில்லை. இராஜநாயகம் அண்ணை சிஸ்டரிடம் ஒழுங்காகத்தான் கொடுத்தார். அடுத்ததாகப் போக இருந்த சுவாமி மே பதினைந்தாம் திகதிக்குப் பயணம் வைத்திருந்தார். இரண்டு நாளுக்கு முந்தி வவுனியாப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. அன்று தொட்டுப் பாதை இல்லை. இரண்டு தரம் முயற்சி செய்து இரண்டு தரமும் திரும்பியிருக்கிறார்கள். உறை இப்போதும் கன்னியர்மடத்தில், சிஸ்டரின் மேசையில் இருக்கிறது. நான் ஒரு வருடம் பிந்தினேன், சண்டை இரண்டு நாள் முந்தியது.

சினோராவிடம் சொன்னேன். என்ன செய்தேன் என்று முழுதும். அவர் எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லவில்லை. "என் அட்டைகளுக்குள்ளா வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் என்னை அட்டைகளை விட்டுவிட்டு வீட்டு வேலையை மட்டும் பார்க்கச் சொன்னார். அட்டை வாசிக்க இப்போது ஒரு மாணவி வருகிறாள். நான் சமையலும் துடைப்பும் மட்டும்.

நீ எழுதுகிற ஒரு சொல்லுக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது என்ன சொல்லாக இருந்தாலும் சரி.

அக்கா


லிங்கன்ஷயர்
14 டிசெம்பர் 1997

அக்கா,

அப்பா ஒக்டோபர் இருபத்தோராம் திகதி செத்துப்போனார். காய்ச்சல், ஒன்பது நாள். மலேரியா என்று நினைக்கிறார்களாம், மருந்து வரவில்லை. சிஸ்டர் உங்களுக்கும் எழுதியிருப்பார். அடக்கம் செய்த சுவாமியின் கடிதத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார், அதை உங்களுக்கு அனுப்புவதா இல்லையா என்று என் தீர்மானத்துக்கு விட்டு. நான் அனுப்பவில்லை. அதில் இருப்பதைச் சொல்கிறேன். நான் ஒன்றையும் மறைக்கவில்லை என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து திரும்பி வந்த அடுத்த நாள் அப்பா சுவாமியிடம் போய், இறந்த ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆருக்கு என்று கேட்டதற்கு, என் மகன் ஏர்னஸ்ற்றுக்கு என்றிருக்கிறார். சுவாமி திகைத்து, செத்துவிட்டார் என்று ஆர் சொன்னது என்று கேட்டிருக்கிறார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை சுவாமி. மகள் மறைக்கிறாள். ஒரு வருசமாய் அவனிட்டை இருந்து ஒரு துண்டு இல்லை. இப்ப வேறை ஒருத்தன் அவன்ரை சேர்ட்டிபிக்கற்றை வைச்சுக்கொண்டு என்னைக் கூப்பிடுறான். என்ரை பிள்ளை உயிரோடை இருந்தால் என்ரை பெயரை விட்டிருக்கமாட்டான்."

பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில், அவர் படுக்கையில் விழும்வரை, எனக்கு எட்டுப் பூசை நடந்திருக்கிறது. முகாமில் இருக்கிற பேசாலை ஆட்கள் எல்லாரும் வந்து முழந்தாளில் நின்றிருக்கிறார்கள். மரணப் பதிவில் உயிரோடிருக்கும் பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு மகள், இத்தாலி என்று இருக்கிறது. சாகிறதுக்கு முந்தி அவரே சுவாமிக்குச் சொல்லிவைத்தது.

நீங்கள் என்னைப் பன்றிப்பட்டி என்றபோது எனக்குக் கோபம் வந்தது, அதோடு போய்விட்டது. இது கோபம் இல்லை. இதற்கு நான் இன்னும் பெயர் தேடவில்லை.

பெயரைத் திரும்ப மாற்றுவதா என்று ஹெலன் கேட்டாள். ஆருக்காக என்று கேட்டேன். கீழ் அறையில் இப்போது அமலினி படுக்கிறாள்.

இனி எழுத வேண்டாம். ஏதும் எழுதினால் வாசிப்பேன், பொய் சொல்லமாட்டேன். பதில் வராது.

ஏர்னஸ்ற்


பலெர்மோ
25 ஜனவரி 1998

தம்பி,

பதில் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அப்பாவுக்காகத் தமிழ்ப் பூசையில் ஒப்புக்கொடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வாசலில் நின்றபோது றோசமலர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பேசாலைப் பெண், அவளுடைய மாமியார் மடுவில். "தகப்பனும் தம்பியும் ஒரே வருசத்திலை. எப்பிடித்தான் தாங்கினீங்களோ" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பூசைகளின் செய்தி எனக்கு முந்திப் பலெர்மோவுக்கு வந்துவிட்டிருக்கிறது. நான் வாய்திறக்கவில்லை என்பதால் அவர்களும் கேட்கவில்லை, துக்கத்தில் இருக்கிறேன் என்று விட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு இரண்டு பேராக, வேலை முடிந்து, சட்டியில் சோறும் கறியும் கொண்டு. ஊர் முறைப்படி. பீலிக்ஸ் அத்தான் அடுத்த வீட்டில் கதிரை வாங்கிப் போட்டிருக்கிறார். வருகிற ஒவ்வொருவரும் முதலில் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள், எப்படி, எங்கே, உடம்பு கிடைத்ததா என்று.

நான் சொல்கிறேன். "தம்பி உயிரோடைதான் இருக்கிறான். இங்கிலாந்திலை பெயரை மாத்திப்போட்டான். அதை அப்பாவுக்கு அறிவிக்கச் சொல்லி என்னட்டைக் கடிதம் தந்தவன். நான் குடுக்கேல்லை." முதல் நாள் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டேன். இரண்டாம் நாளிலிருந்து அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மொத்தம் நாலு வசனம். ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி முடிக்கிற நேரம்கூட எடுக்காது.

அந்தக் கடைசி வசனத்துக்கு ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு மாதிரிப் போகிறது. சிலர் அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சட்டியைத் திறக்காமலே எழும்பிப் போனார்கள். அதை நான் எதிர்பார்த்தேன், அது எனக்கு வேண்டியதும்.

எதிர்பாராதது மற்றது. பெயரை மாற்றினான் என்ற வசனத்துக்கு இதுவரை ஒருவரும் முகம் சுழிக்கவில்லை. ஊரில் இருந்து வந்த கிழவர்கள்கூட. நேற்று வந்த எழுபத்தைந்து வயது தில்லையம்பலம் ஐயா, சைவக்காரர், அப்பாவோடு ஒரே முகாமில் மூன்று வருடம் இருந்தவர், அதைக் கேட்டுவிட்டு, "பெயர்தானே பிள்ளை. நான் இஞ்சை வந்ததே வேறை ஆற்றையோ பெயரிலை" என்று சொல்லிக் கோப்பையைக் கையில் எடுத்தார். "உன்ரை அப்பாவுக்கும் அது தெரியும், நான் வெளிக்கிட்டபோது பஸ் வரை வந்து வழியனுப்பினவர்" என்றார்.

அக்கா
எமிலியானா